இதர

காலை பதினொன்றுக்கே
புளியந்தோப்பில் தார் இளகி
என் இடது செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
கழுத்தில் அடையாள அட்டை.
கையில் மஞ்சள் வெப்பமானி, துப்பாக்கி மாதிரி இருக்கும்.
பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு வழிமறிப்பார்கள்,
சுட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

குளிர்கூரை மானியம்.
மேலே வெள்ளைப் பூச்சு பூசினால்
கீழே நான்கு டிகிரி குறையும் என்று
பயிற்சி வகுப்பில், ஏசி அறையில்,
ஸ்வெட்டர் போட்ட ஒருவர் சொன்னார்.
நான் நம்பினேன்.
இப்போதும் நம்புகிறேன், அதுதான் கஷ்டம்.

ரோசலின் வீடு நான்காவது சந்தில் கடைசி.
சிமென்ட் ஷீட். அதன்மேல் ஆறு கோணிச்சாக்கு.
மணிக்கொருதரம் ஸ்டூலில் ஏறி
அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுகிறாள்.
"குடிக்கிற தண்ணி இல்லம்மா, துணி அலசினது"
என்று நான் கேட்காமலே சொன்னாள்.
வீடு முழுக்கச் சோப்பும் சாக்கும் கலந்த வாசம்.
ஒரு மூலையில் இடியாப்ப மாவு, ஈரத்துணி மூடி.

துப்பாக்கியை மேலே நீட்டினேன்.
சாக்கு இல்லாத இடத்தில் ஐம்பத்தாறு புள்ளி இரண்டு.
அலுவலகத்தில் இந்த எண்ணைப் பார்த்தால்
நல்ல தகவல் என்பார்கள்.

செயலி கேட்டது: கூரை வகை?
கான்கிரீட். மெட்ராஸ் டெரஸ். இதர.
இதர என்று தொட்டதும்
பக்கம் சாம்பலாகி
நன்றி சொல்லி மூடிக்கொண்டது.

"என்னம்மா, ஏத்துக்குச்சா?"

ஷீட்டில் பூச்சு நிற்காது என்றேன்.
நிற்கும். ஓட்டேரியில் ஒரு பட்டறைமேல்
இரண்டு மழை தாண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.
விதியில் நிற்காது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.
"கான்கிரீட்தானே வேணும், வா"
என்று பின்பக்கம் கூட்டிப்போனாள்.

கழிப்பறை.
ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு மானியத்தில் கட்டியது.
நாலுக்கு நாலு, அசல் கான்கிரீட்.
கதவில் திட்டத்தின் பெயரும் பயனாளி எண்ணும்
இன்னும் அழியவில்லை.
"இதுக்குக் குடுத்தாங்களே. அப்பவும் நான்தான், இப்பவும் நான்தான்."

குறைந்தபட்சப் பரப்பு இருநூறு சதுர அடி.
தெரிந்தும் பதினாறு என்று அடித்தேன்.
சிவப்பில் ஏதோ வந்தது,
திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

முந்தாநாள் புரசைவாக்கத்தில்
எல்லாத் தகுதியும் உள்ள ஒரு வீடு கிடைத்தது.
மூன்று மாடி, பட்டா, வரி பாக்கி இல்லை.
மொட்டை மாடி வெள்ளையாக இருந்தால் கண் கூசும்,
வேண்டாம் என்றுவிட்டார்கள்.
மோர் கொடுத்தார்கள். நல்ல மோர்.

ரோசலின் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஷீட்டுக்கு எவ்ளோன்னு பாத்தியே,
எனக்கு எவ்ளோ காட்டுது?"
நெற்றிக்கு நேரே பிடித்தேன்.
ஒரு சொட்டு வியர்வை புருவத்தில் நின்றது.
முப்பத்தாறு புள்ளி எட்டு.
"நார்மல்தான்" என்றேன்.
"அப்போ எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.
சிரித்தாளா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

பட்டா இருக்கா என்று நான் கேட்கவேயில்லை.
கேட்டிருந்தால் தண்டவாளத்தைக் காட்டியிருப்பாள்.
இந்தப் பக்கம் யாருக்கும் கிடையாது.

சந்துமுனையில் ஒரு லாரி நிழலில் ஒதுங்கி
படிவத்தை மறுபடி திறந்தேன்.
கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது,
அதைமட்டும் நிரப்ப விடும்.
யாரும் படிப்பதில்லை என்று கூட வேலை செய்யும் தௌலத் சொல்வாள்.
சில எழுத்துகளுக்குத்தான் இடம்.

ஷீட்டுக்குக் கீழே ஆட்கள் இருக்கி

அதற்குமேல் ஏறவில்லை.
அழித்துச் சுருக்கப் பார்த்தேன்,
எதை எடுப்பது?
ஷீட்டையா, கீழேயையா, ஆட்களையா.

அப்படியே சேமித்தேன்.

பின்னால், நான்காவது சந்தில்,
ஸ்டூல் இழுபடும் சத்தம்.