வலது கையுறை

அவள் தேடுவது என்னை அல்ல.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெர்கனில் மழை விட்ட நாட்களைத்தான் எண்ணுவோம்.
அன்று எண்ணவில்லை.
செவ்வாய் இரவு, பதினொன்று நாற்பது,
நெஸ்டுன் போகும் டிராம்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
எண்ணூறு விரிப்பு மடித்த கைகளை
மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நான்,
ஓட்வார், அறுபத்தொரு வயது,
யார் கண்ணிலும் விழாத உயரம்.

எதிரே அவள். கை நடுங்கியது.
குளிரா, வேறெதுவுமா,
கேட்க எனக்குத் தோன்றவில்லை.
அவள் பக்கத்தில் இருந்தவனும் கேட்கவில்லை.
தன் இடது கையுறையைக் கழற்றி
மீதிச் சில்லறை தருவதுபோல
அவள் மடியில் வைத்தான்.
நான்கு நிறுத்தம்,
ஆளுக்கொரு கை சூடாக,
ஒரு வார்த்தை இல்லை.

பாரதீஸில் இறங்கினான்.
சொர்க்கம் என்றுதான் பெயர்.
இறங்கிப் பார்த்தால் ஒரு சைக்கிள் கூடாரம், ஒரு குப்பைத்தொட்டி.
அவள் கழற்றுவதற்குள் கதவு மூடிவிட்டது.

ஞாயிறன்று மகள் இங்குன் வந்து
என் போனில் ஒரு செயலியை ஏற்றினாள்.
பேச ஆளில்லை என்கிறாயே அப்பா,
இதில் ஊரே பேசுகிறது.
யாருக்கும் பெயர் கிடையாது, நிறம் மட்டும்.
எனக்கு வாய்த்தது சாம்பல்.

யாரோ சோபா விற்றார்கள்.
யாரோ மேல்வீட்டு டிரம்ஸைத் திட்டினார்கள்.
அதற்கும் கீழே:
செவ்வாய் இரவு டிராமில் கையுறை தந்தவரே,
அதைத் திருப்பித் தர வேண்டும்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் இல்லை.

பதினான்கு பதில்கள்.
நானே, என்றது பச்சை.
நானே, காபி சாப்பிடலாமா, என்றது ஊதா.
எனக்கு இரண்டு கையும் பத்திரமாக இருக்கிறது, என்றது ஆரஞ்சு.
எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டாள்:
அதில் என்ன பின்னியிருந்தது?
கலைமான் என்றான் ஒருவன்.
பனிப்பூ என்றான் இன்னொருவன்.

ஒன்றும் பின்னவில்லை.
பழுப்புக் கம்பளி,
கட்டைவிரலில் சிவப்பு நூலால் ஒரு ஒட்டு.

எனக்கு எப்படித் தெரியுமென்றால்
வியாழக்கிழமை வேலைக்குப் போகும்போது
பாரதீஸ் வேலிக் கம்பியில் அதன் ஜோடி செருகியிருந்தது.
கீழே கிடக்கும் கையுறையை
யாராவது எடுத்து உயரத்தில் மாட்டுவார்கள் இங்கே;
வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி
அது கையைத் தூக்கிக்கொண்டே நிற்கும்.
இறங்கி எடுத்துக்கொண்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அவனிடமிருந்து விழுந்ததா, அவனே விட்டுப்போனானா,
அதையும் கேட்காதீர்கள்.

எழுதினேன்: அவர் நானில்லை, ஆனால் பார்த்தேன்.
அழித்தேன்.
எழுதினேன்: உங்கள் கை நடுங்கியது,
நான் சும்மா இருந்தேன்.
அதையும் அழித்தேன்.
கடைசியில் போனது இவ்வளவுதான்:
பாரதீஸ். வேலிக் கம்பி. திங்கள் காலை.

நீங்கள்தானா? என்று வந்தது.
இல்லை என்று எழுதினேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டாம்.

திங்கள் விடியுமுன் கொண்டுபோய் மாட்டினேன்.
புதனுக்குள் செயலி எல்லாவற்றையும் துடைத்துவிட்டது,
பச்சை, ஊதா, ஆரஞ்சு, அவளுடைய நிறத்தையும்.
அது என்ன நிறமென்று
நான் பார்த்துவைக்கவே இல்லை.

நேற்றிரவு பாரதீஸில் டிராம் நின்றது.
கண்ணாடி முழுக்க ஆவி.
சட்டைக்கையால் துடைத்தேன்.
கம்பியில் ஒன்றா, இரண்டா,
மழையில் ஊறிப் பெருத்த ஒன்றேதானா,
தெரியவில்லை.
கதவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே
திறந்து கிடந்தது.
நான் இறங்கவில்லை.

எதிர் இருக்கையில் ஒரு பையன்
தோள் இரண்டையும் காதுவரை ஏற்றி உட்கார்ந்திருந்தான்.
குளிருதா, என்று கேட்டேன்.
என்ன? என்றான்,
ஒரு காதிலிருந்து மட்டும்
பாட்டைக் கழற்றி.