தாங்கோன்

காற்று நேர் பின்னாலிருந்து வந்தால்
முன்பாய்க்கு வேலை போய்விடும்.
பெரிய பாயின் மறைவில் ஒதுங்கி
ஒருமுறை உப்பும், ஒருமுறை ஒட்டும்,
கூட்டத்தில் கை தூக்குவதா வேண்டாமா என்று
இருக்கிற ஆளைப்போல.
அதை மறுபக்கம் விரித்துப் பிடிக்க
ஒரு கழி வேண்டும்.

தாங்கோன் என்றாள் ஓடீல்.
பிரெஞ்சில் அதுதான் அதன் பெயராம்.
என் காதில் விழுந்தது: தாங்கான்.

எஸ்தவாயே துறைக் கடையில்
இருநூற்றெண்பது பிராங்க் சொன்னார்கள்.
படகையே நாங்கள் அறுநூறுக்குத்தான் வாங்கியிருந்தோம்.
ஆளுக்கு முந்நூறு,
அடியில் கசிவு இலவசம்.

முதலில் விளக்குமாற்றுக் கம்பு.
நாணல் திட்டு முடியுமுன்னே முறிந்து
பாதி ஏரியில், பாதி என் மடியில்.
தாங்கான்.

அடுத்து ஓடீல் வீட்டுத் திரைச்சீலைக் குழாய்.
இழுத்தால் நீளும் என்று மகிழ்ந்தோம்.
தள்ளினால் குறுகும் என்பதை
நாங்கள் யோசிக்கவில்லை, காற்று யோசித்தது.
வீச்சுக்கு நாலு விரல் உள்ளே போய்
ஷேர் ஊருக்கு நேரே வருகையில்
ஒரு குடையளவுதான் மிச்சம்.
இரண்டு வாரம் அவள் வரவேற்பறையைத்
தெருவே பார்த்தது.

தக்காளிக்கு நடும் மூங்கில்
வில்லாக வளைந்தது.
அதை எழுத ஒன்றுமில்லை.

பிறகுதான் ஒரு தாளில் படம் போட்டேன்.
பாய் இந்தக் கழியை இழுப்பதில்லை,
பாய்மரத்துக்குள் குத்தப் பார்க்கிறது.
நீளவாக்கில் அமுக்கும் பாரத்தை
முதுகு வளையாமல் வாங்க வேண்டும்.
அப்படி எதை நான் பார்த்திருக்கிறேன்?

நிலவறையில், பனிச்சறுக்குப் பலகைக்குப் பின்னால்
சுவரில் சாய்ந்து நின்றன இரண்டும்.
தை மாதம், பயேர்ன் நடைமேடை, கண்ணாடிப் பனி,
என் வலது கணுக்கால்.
ஆறு கிழமை என் அறுபத்தெட்டுக் கிலோவை
ஒரு முனகல் இல்லாமல் வாங்கிய ஊன்றுகோல்கள்.
பொத்தான் இன்னும் எட்டாவது துளையில்.
எட்டு என் உயரம்.

பதினொன்றுக்கு நீட்டினோம்.
ஒன்றோடொன்று முழநீளம் ஒட்ட வைத்து
மெழுகு நூலால் நெருக்கிச் சுற்றினோம்.
முழங்கையைக் கவ்விய பிளாஸ்டிக் வளையம்
பாய்மரத்தைக் கவ்வியது, அளவெடுத்ததுபோல.
மறுமுனையில் ரப்பர் குளம்பைக் கழற்றி
ஒயின் போத்தல் தக்கையை அடித்து இறக்கி
அதில் ஒரு வளைத்த ஆணி.
ஆணி பாயின் மூலைக் கண்ணுக்குள்.

ஞாயிறு, பீஸ் வீசியது.
எங்கள் வாடைக்கு இங்கே அதுதான் பெயர்.
பெரிய பாய் இடப்பக்கம், சின்னது வலப்பக்கம்,
நடுவில் நாங்கள் இருவரும் பேசாமல்.
கழி ஒருமுறை கிறீச்சிட்டது.
எனக்குக் கணுக்கால் கூசியது,
ஏன் என்று கேட்காதீர்கள்.
அது நின்றது.
இவொனான் கடந்தது, இவெர்தோன் கூரைகள் வந்தன,
ஓடீல் சுக்கானை விடாமலே
ரொட்டியை வாயால் பிய்த்துத் தின்றாள்.

திரும்பி வருவது எப்படி என்று
ஒருவரும் நினைத்திருக்கவில்லை.
எதிர்க்காற்றில் பதினெட்டுக் கிலோமீட்டர்
இந்தப் படகு ஏறாது.
விருந்தினர் துறையில் கட்டிவிட்டு ரயில் பிடித்தோம்.
நூல் சுற்றிய கழியைத் திருட்டுப் போகுமென்று
நான் கையோடு எடுத்து வந்தேன்.

சீட்டுப் பரிசோதகர் குனிந்து பார்த்தார்.
காலில் அடியா, மேடம்?
இல்லை, படகுக்கு.
அவர் ஓடீலைப் பார்த்தார்.
ஓடீல் சன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள்.
பக்கத்து இருக்கைப் பையன் மட்டும்
எழுந்து இடம் கொடுத்தான்.
கழியை அதில் படுக்க வைத்தேன்.