ஒரு நாள் மூப்பு

ஜூலை முப்பது, ஞாயிறு.
கரண்ட் போய் வந்ததில்
போர்ட்டல் மறுபடி முதலிலிருந்து சுற்றுகிறது.
ராயபுரத்து மாடியறையில்
மூன்று நாற்காலிதான், மூன்றிலும் ஆள்.

முதலில் நாச்சிமுத்து,
மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.
பிறந்தது ஏப்ரல் ஒன்று, நாற்பத்து மூன்று.
"மார்ச்சோட வருசம் முடிஞ்சுதுங்,
உங்க எண்பது மறுநாள்தானே" என்று நான் இழுக்க,
மஞ்சப்பையிலிருந்து எடுத்து வைத்தார்
லேமினேஷன் போட்ட சுற்றறிக்கையை.
ஏப்ரல் ஒன்றில் பிறந்தவருக்கு
முந்தின நாளே வயது நிறைந்துவிடுமாம்.
மூன்று லட்சமாயிருந்த வரம்பு
ஒரே ராத்திரியில் ஐந்தாகிவிட்டது.
"தேதி வாத்தியார் வெச்சதுங் அம்மணி.
நான் பொறந்தது ஐப்பசி அடமழையில" என்று
கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்தவன் சபரீஷ், இருபத்தெட்டு வயது,
பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்.
இருவருக்கும் கழிவு போக வரிக்குரிய வருமானம்
ஐந்து எழுபது. அச்சடித்தாற்போல் ஒரே தொகை.
பெரியவருக்குப் பதினாலாயிரத்து ஐநூற்று அறுபது.
இவனுக்கு இருபத்தேழாயிரத்து ஐநூற்று அறுபது.
திரையை எட்டிப் பார்த்துவிட்டான்.

"பதிமூணாயிரம்ங் அக்கா. என்னோட ரெண்டு மாச வாடகை.
ஓனர் ரசீதும் தரமாட்டீங்கறார்.
இவங்களுக்குச் சொந்த வீடு, மாசம் பொறந்தாப் பென்ஷன்.
எனக்கு அதும் வராது."

"சர்க்கரை மாத்திரை விலை தெரியுமா தம்பி?
முப்பத்தாறு வருசம் நானுங் கட்டியிருக்கறேன்."

"நானும் கட்டத்தானே போறேன்."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
ஃபேன் மட்டும் கிறீச்சிட்டது.
புது வரிமுறைக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன்:
அதில் யாருக்கும் வயதே இல்லை,
கழிவுகளும் இல்லை.
இருவருக்குமே வரி கூடியது.
பழையதற்கே திரும்பினேன்.

மூன்றாவது நாற்காலியில் ராமாத்தாள்.
சேலையெல்லாம் பஞ்சுத் துகள்.
செக்கிங் டேபிளில் பிசிர் வெட்டும் கத்தரி
இன்னும் விரலில் இருப்பதுபோல்
பாஸ்புக்கை இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.
பைபாஸுக்குப் போன காட்டுக்கு வந்த பணம்,
ஏழரை லட்சம், வங்கியில் கிடக்கிறது.
வட்டி நாற்பத்தைந்தாயிரம்.
அதில் நாலாயிரத்து ஐநூறு பிடித்துவிட்டார்கள்.

அறுபது தாண்டினால் ஐம்பதாயிரம் வரை பிடிக்கக் கூடாது.
வட்டியே அரை சதவீதம் கூட வந்திருக்கும்.
ஆதாரை வாங்கிப் பார்த்தேன்:
ஒன்று ஒன்று அறுபத்தெட்டு. ஐம்பத்தைந்து.

"உங்களுக்கு நெசமா என்ன வயசுங்?"
"ஆரு கண்டா? எழுத வந்த பையன்
மூஞ்சியப் பாத்துப் போட்டுட்டுப் போனான்.
அன்னைக்குத் தலைக்குச் சாயம் பூசியிருந்தனாட்டருக்குது."
"பெரிய பையனுக்கு?"
"நாப்பத்தாறு."

விரல் விட்டு எண்ணினான் சபரீஷ்.
"அப்ப ஒம்பது வயசுல பெத்தீங்களா?"
சிரிக்கத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டான்.

பிடித்த பணம் திரும்ப வரும்,
பாரம் போட்டால் போதும் என்றேன்.
பிறந்த தேதிக் கட்டம் தானே நிரம்பிக்கொண்டது,
சாம்பல் நிறத்தில், தொட முடியாமல்.
"எனக்கு எப்பக் கண்ணு அறுவதாகும்?"
"இன்னும் அஞ்சு வருசம்ங்."
"அதுவரைக்கும் பிசிர் வெட்டோணும்னு சொல்லு."

நாச்சிமுத்து சுற்றறிக்கையைத் திருப்பினார்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
"ஒரு நாளுக்கு இருக்குதே,
பத்து வருசத்துக்கு ஒண்ணு இல்லாமயா போயிரும்?"
வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார்.

கட்டணம் ஐநூறு.
மூத்த குடிமக்களுக்குப் பாதி என்று
நானே எழுதி ஒட்டியிருக்கிறேன் சுவரில்.
பெரியவர் இருநூற்றைம்பதை எண்ணி வைத்தார்.
ராமாத்தாளின் பில்லில் இருநூறு வரை எழுதி,
ஆதாரை ஒருமுறை பார்த்து,
ஐம்பதையும் சேர்த்து எழுதிக் கிழித்தேன்.

சபரீஷ் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஐநூறு ரூபாய்த் தாளை நீவி மேசையில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடினான்.