கேட் அடைத்த நான்கு நிமிடம்

உச்சிப்புளி ரயிலடி ரோடு. ஞாயிறு காலை ஒன்பதரை.
அன்வர் டீக்கடையின் இரண்டு பெஞ்சுகளில்
உப்புப் பூத்த பனியன்களோடு ஏழு பேர்.
இருபத்தொரு கிலோமீட்டர் முடிந்தது.
எழுந்திருப்பதுதான் இனிப் பெரிய காரியம்.

பூவலிங்கம் ஆரம்பித்தார்:
"ரெண்டு, ஒண்ணு, பதினேழு."
தபால்காரர். பின்கோடு சொல்வதுபோல்தான் சொன்னார்.
போன வருஷத்தைவிட எட்டு நிமிடம் குறைவு.
எங்கே குறைத்தீர்கள் என்றால்
"சிகரெட்டில்" என்கிறார்.

நூருல் பாயிஸா வலது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள்.
ஒரு சிப்பி விழுந்தது.
"ரெண்டு இருபத்தாறு. பதினாறாவது கிலோமீட்டர்லேருந்து
ஒரு நாய் கூடவே ஓடி வந்துச்சு.
அதுக்கு மெடல் கொடுக்கலை."
கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.
புதிதாய் எடுத்த மோதிரம் மாதிரி
எல்லோருக்கும் நீட்டிக் காட்டினாள்.

லூர்துராயன் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.
படகு எஞ்சின் பிரிக்கிற கை.
ஒன்று நாற்பதுக்குள் வரவேண்டுமென்று
ஒரு வருஷமாய், விடியல் நாலு மணிக்கு,
பாம்பன் பாலத்தில் காற்றோடு மல்லுக்கு நின்றவன்.
"ஒண்ணு நாப்பத்திரெண்டு இருபது."
அப்புறம், யாரும் கேட்காமலே:
"கேட்டைக் கழிச்சா ஒண்ணு முப்பத்தெட்டு."

கேட்டைக் கழிக்கலாமா?
அடுத்த அரைமணி நேரம் அதுதான்.
கடிகாரம் நிக்கலையே என்றார் பூவலிங்கம்.
கால் நின்னுச்சே என்றான் இவன்.
அன்வர் கல்லாவிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்:
"கேட்ல மாட்டி பால் லேட்டா வந்தா
நீங்க எனக்கு மன்னிச்சா விடுறீங்க?"

நான் பேசவில்லை.
வீடு வீடாகப் போய் மின்மீட்டர் படிப்பவள்.
எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்த வாசல்.
இன்றுதான் ஓர் எண்ணை
வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது இது.
எனக்கு எட்டாவது கிலோமீட்டர்.
கொண்டல் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது.
முன்னால் யாருமில்லை. பின்னால்
ஆம்புலன்ஸ் மட்டும், மாட்டுவண்டி வேகத்தில்,
மரியாதையாக.
மணி அடித்தது. கேட் இறங்கியது.
அந்தப் பக்கம், மண்டபம் போய்த் திரும்பி வருகிறவன்,
முதல் மூன்று பேர் தப்பிவிட, மாட்டிக்கொண்ட நாலாவது ஆள்:
லூர்துராயன்.
இந்தப் பக்கம், கடைசி ஆள், நான்.

இடுப்பில் கைவைத்துக் குனிந்து
ரயிலின் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான்.
நிமிர்ந்து என்னைப் பார்த்து, குரல் மாற்றி,
"அக்கா, தண்ணி இருக்கா?"
எறிந்தேன்.
தண்டவாளத்தைத் தாண்டி
நேராக அவன் கையில் போய் விழுந்தது பாட்டில்.
நான் எறிந்த எதுவும் இதுவரை
சொன்ன இடத்துக்குப் போனதில்லை.

பிறகு ரயில்.
ராமேஸ்வரத்தில் முழுகப் போகிறவர்கள்
பல்துலக்காத வாயோடு ஜன்னலில் சிரித்து
இரண்டு பக்கமும் கையாட்டினார்கள்,
யார் முந்தி யார் பிந்தி என்று தெரியாமல்.
கடைசிப் பெட்டி விலகியதும் பார்த்தேன்:
பாதி குடித்துவிட்டு, மீதியை
உயர்த்திப் பிடித்து நிற்கிறான்.
தண்டவாள நடுவில் பாட்டில் கை மாறியது.
அவன் மேற்கே ஓடினான். நான் கிழக்கே.

"அக்கா, நீங்க எவ்வளவு?"
இப்போதுதான் கேட்கிறான்.

கெடு, ரெண்டே முக்கால் மணி.
நான் வந்தபோது முடிவு வளைவின் காற்றைப் பிடுங்கி
இரண்டு பையன்கள் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
சுருளைத் தாண்டிக் குதித்தேன்.
பட்டியலில் என் பெயருக்கு நேரே
'முடிக்கவில்லை' என்றிருக்கிறது.

"ரெண்டு அம்பத்தொண்ணு."

பெஞ்சு முழுக்கக் கணக்குப் போட்டது.
"கேட்டைக் கழிச்சாலும் ரெண்டு நிமிஷம் உதைக்குதே"
என்றார் பூவலிங்கம், மணியார்டர் வராத வீட்டில்
சொல்கிற குரலில்.

கழிக்க வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள் பாயிஸா.
சொல்ல வரவில்லை. டீக்குக் காசு எடுத்து வைத்தேன்.

நாளைக்கு நாகாச்சியில் நூற்றிருபது மீட்டர்.
எல்லோரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுந்தோம்.
அதில் நான்தான் முதல்.