ஒரு விரல் இடைவெளி

மின்தூக்கிக்கும் தளத்துக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி உண்டு.
யீஷூனில் பதினாறு மாடிப் பிள்ளைகளும்
தங்கள் சாமான்களை அதில்தான் தொலைக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை குழிக்குள் இறங்குவேன்.
கிரீஸ், சாவி, இருபது காசு,
யாருடையதோ ஒற்றைக் காதணி,
பிறகு இவர்கள்:
கொம்பு முறிந்த காண்டாமிருகம்,
நகமளவு முக்குளிப்பு வீரன்,
முகம் தேய்ந்துபோன ஒரு தாதி,
வயிற்றில் சீனாவில் செய்தது என்று
பச்சை குத்தியிருக்கும் திமிங்கிலம்.

அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன்.
யாரும் கேட்டு வரவில்லை.
வளர்ந்துவிட்டிருப்பார்கள்.

அதற்கப்புறம்தான்
இரவு வேலை முடிந்து கீழ்த்தளத் தூணோரம்
குப்புறப் படுக்கத் தொடங்கினேன்.
கைத்தொலைபேசியில் கவ்வும் லென்ஸ், பதினெட்டு வெள்ளி.
வித்தை ஒன்றுமில்லை,
கண்ணை இரண்டு சென்டிமீட்டருக்கு இறக்க வேண்டும்.
அந்த உயரத்தில் இந்தப் பேட்டையில்
எதுவும் அதுவாக இல்லை.
வடிகால் மூடி ஒரு சிறையின் கூரை.
கோப்பி சிந்திய கறை ஆள் இறங்காத தீவு.
மழைத் தேங்கலில் பதினாறு மாடியும் தலைகீழாய்த் தொங்க
அதன் ஒன்பதாம் மாடி ஜன்னலைத் தட்டுகிறான் முக்குளிப்பு வீரன்.
உள்ளே யாரோ விளக்கைப் போடுகிறார்கள்.
(இது நான் சேர்த்ததில்லை. படத்தில் இருக்கிறது.)

துரியான் ஓட்டில் தாதி
ஒவ்வொரு முள்ளுக்கும் ஊசி போட்டபடி மலையேறுகிறாள்.
உணவங்காடி மேசையில்
டிஷ்யூப் பொட்டலத்தின் மேல் நிற்கிறது காண்டாமிருகம்,
இடம் பிடித்து வைத்திருக்கிறது,
இன்னும் பிறக்காத தன் இனத்துக்கு.
வியாழன்தோறும் கொசுமருந்துப் புகை.
எல்லாரும் ஜன்னலை அடைப்பார்கள்.
நான் பொம்மைகளை அள்ளிக்கொண்டு ஓடுவேன்.
என் மேகங்களுக்கு நகர மன்றம் காசு கட்டுகிறது.

"உனக்கு மண்டையில் ஃபியூஸ் போயிடுச்சு" என்பான் சுல்கிஃப்லி.
ஆனால் மதியம் சாப்பிடும்போது
"நேத்து என்ன படம்?" என்று அவன்தான் கேட்பான்.

போன செவ்வாய் பின்னிரவு
யாரோ போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்,
புளோக்கின் கீழே ஓர் ஆள் விழுந்து கிடக்கிறார் என்று.
இரண்டு பேர் வந்தார்கள்.
"அங்கிள், ஓகேவா?"
"உஷ். திமிங்கிலம் மூச்சு விடப்போகிறது."
மேலே ஒரு ஏர்கான் நாற்பது நொடிக்கொரு முறை சொட்டும்.
அது தேங்கலில் விழுந்து தெறிக்கும் கணம்தான்
எனக்கு வேண்டியது.
மூத்தவர் அடையாள அட்டையைக் கேட்டார்.
சின்னவர், பெயர்ப்பட்டையில் ஹைக்கல்,
ஒன்றும் கேட்காமல் மண்டியிட்டு டார்ச் அடித்தார்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
அந்த ஒரு படத்தில்தான்
நிலா சரியாக விழுந்திருக்கிறது.

மறுநாள் பதினோராம் மாடித் திருமதி கோ
என்னை மின்தூக்கிக்குள் பிடித்துக்கொண்டார்.
மன்னிப்புக் கேட்கவா, சண்டை போடவா,
அவருக்கே தெரியவில்லை.
சாட்சிக்கு எடுத்த படத்தைக் காட்டினார்.
மேலிருந்து.
சாம்பல் தரை, கைக்கண்ணாடி அளவு நீர்.
அதன் கரையில் நீலச் சீருடையில்
கைகால் ஒட்டிச் செய்த சின்ன உருவம் ஒன்று,
முகம் தெரியவில்லை.
யாரோ தவறவிட்டது.

எந்த இடைவெளியில் விழுந்தேன் என்று
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன்.
தரை கட்டங்கட்டமாக உடைந்தது.
நீலமும் உடைந்தது.
திமிங்கிலம் மட்டும் ஒரே ஒரு வெள்ளைக் கட்டமாய்
கடைசிவரை உடையாமல் இருந்தது.

இறங்கும்போது திருமதி கோ சொன்னார்,
ஏழாவது மாடியில் நிற்கையில் இது குலுங்குகிறது.
பார்க்கிறேன் என்றேன்.