பத்து பிராங்க் அதிகம்

வின்டர்தூரில், ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிடம்.
காப்பீட்டு நிறுவனம், மூன்றாம் மாடி.
பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து
காகிதத்தைக் குப்பைக்கு அனுப்புவது என் வேலை.
எட்டு மாத ஒப்பந்தம், ஏஜென்சி வழியாக.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை
ரெகுலாவின் மேசையிலிருந்து
பழுப்பு உறை ஒன்று புறப்பட்டது.
மேலே கிளிப் போட்ட தாள்:
பதினான்கு பெயர், பதினான்கு கட்டம்.
ப்ரூனோவுக்கு வெள்ளிக்கிழமை ஐம்பது வயது.
தலைக்குப் பத்து பிராங்க்.

ஊர்ஸ் நோட்டை வைத்தான், டிக் போட்டான்,
எழுந்தான்,
என் நாற்காலிக்குப் பின்னால் நடந்து போய்
சில்வியாவிடம் கொடுத்தான்.
அவ்வளவுதான்.

பந்தியில் இலை போட்டுக்கொண்டு வருகிறவர்
நம்மைத் தாண்டி அடுத்தவருக்குப் போடும்போது
நாம் என்ன செய்வோம்?
தண்ணீர் டம்ளரைப் பார்ப்போம்.
நான் ஸ்கேனரின் பச்சை விளக்கைப் பார்த்தேன்.

கேட்டிருந்தால் முணுமுணுத்திருப்பேன்.
வீட்டுக்குப் போய் மேகலையிடம்
‘லிஃப்டில் தலையாட்டுகிற ஆளுக்கெல்லாம் தண்டம்’
என்று சொல்லியிருப்பேன்.
கேட்காததுதான் மூன்று நாள் குடைந்தது.

வியாழன் மாலை, நகல் இயந்திரத்தின் மேல்
உறை தனியாகக் கிடந்தது.
மஞ்சள் நோட்டை நான்காக மடித்து
உள்ளே விட்டேன்.
எடுக்கிறவன் கைதான் நடுங்கும் என்பார்கள்.
போடுகிறவன் கையும் நடுங்குகிறது.

பிறகு தொடங்கியது.
ரெகுலா எண்ணினாள். நூற்றைம்பது.
கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினாள்.
நூற்று நாற்பது.
சன்னலோரம் போய், வெளிச்சத்தில்,
மறுபடி எண்ணினாள்.
பத்து நாற்பதுக்கு எல்லோருக்கும் மின்னஞ்சல்:
‘பத்து பிராங்க் அதிகமாக உள்ளது.
தவறுதலாக இருமுறை போட்டவர்
மதியத்துக்குள் பெற்றுக்கொள்ளவும்.’
எல்லோருக்கும் என்றால் எனக்கும்.
அந்தப் பட்டியலில் நான் இருந்தேன்.

யாரும் போகவில்லை.
குறைந்திருந்தால் ஒருநாள் முணுமுணுப்போடு முடிந்திருக்கும்.
கூடின பணத்துக்கென்றே
தெருவுக்கு இரண்டு வங்கி கட்டிய நாட்டில்
கூடின ஒரு பத்து பிராங்க்
போக இடமில்லாமல் மேசையில் கிடந்தது.

எங்கள் பக்கம் மொய் நோட்டில்
ஊர் முதலில், பெயர் அடுத்து, தொகை கடைசி.
ஐம்பது ரூபாய்க்கும் மைக்கில் படிப்பார்கள்.
பெயரில்லாத மொய் என்று ஒன்றை
நான் கேள்விப்பட்டதே இல்லை.
வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது
அது எவ்வளவு தொல்லையென்று.
வாங்கினவருக்கும், வைத்தவனுக்கும்.

மூன்று மணிக்குக் கேரட் கேக்.
துண்டுக்கு ஒன்றாக
மேலே மார்சிபனில் குட்டிக் கேரட்டுகள்.
‘வாருங்கள், நீங்களும்’ என்று
ரெகுலாவே எனக்கு ஒரு தட்டை நீட்டினாள்.
‘உங்களைச் சிரமப்படுத்த வேண்டாமென்றுதான் கேட்கவில்லை.
ஏஜென்சிச் சம்பளம் எனக்குத் தெரியாதா,
நானும் இங்கே அப்படித்தான் வந்தேன்.’
அவள் முகத்தில் பொய் இல்லை.
அதனால்தான் கேக் இறங்க நேரமாயிற்று.
ப்ரூனோ கை குலுக்கினார்.
என் பெயரில் பாதி சரியாக வந்தது.

சனவரியில் சில்வியாவுக்கு நாற்பது.
அவள் காப்பி எடுக்கப் போன நேரம்
ஊர்ஸ் உறையை என் கோப்புகளுக்கடியில் செருகி
உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனான்.
எனக்குத் தந்ததா, என்னிடம் ஒளித்ததா,
கேட்கவில்லை.

தாளை இழுத்துப் பார்த்தேன்.
புதிதாக அச்சடித்தது.
பதினான்கு பெயர்.
அதற்குக் கீழே இன்னொரு வரி.
பெயர் வரும் இடம் காலி,
கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக்,
பக்கத்தில் ரெகுலாவின் சின்னக் கையெழுத்து:
‘நவம்பரிலேயே செலுத்தியாயிற்று.’

பேனா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
சில்வியா கோப்பையோடு திரும்பி வந்தாள்.
கோப்புகளை உறைமேல் இழுத்து மூடிவிட்டு
பொத்தானை அழுத்தினேன்.
தாள் வைக்க மறந்த கண்ணாடிமேல்
பச்சை வெளிச்சம்
இந்த ஓரத்திலிருந்து
அந்த ஓரத்துக்குப் போனது.