அமெரிக்கன் ஸ்டைல்

படிவத்தில் ஏழாவது கட்டம்: வீட்டின் பாணி.
பென்சிலால் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள்,
மேலிடம் திருத்த வசதியாக.

கொட்டாஞ்சேனைப் பக்கம் சுலபம்.
யன்னல் குழிக்குள் ஓர் ஆள் குந்தலாம்,
அவ்வளவு தடித்த சுவர்.
முகப்பு உச்சியில் காரைச் சுருள் இரண்டு
இருபக்கமும் வழுக்கி இறங்கினால்
ஒல்லாந்தர் என்று எழுதுவேன்,
கட்டிய மேசன் ஒரு ஒல்லாந்தனையும்
கண்ணால் கண்டிராதபோதும்.

கறுவாத்தோட்டத்தில்
கூரை விளிம்பெல்லாம் மரத்தில் வெட்டிய சரிகை.
கார் நனையாமல் நிற்க ஒரு போர்ட்டிக்கோ.
பாணியைக் காவலாளியே கேற்றடியில் சொல்லிவிடுவார்:
"எம்பசி."
ஒருமுறை அப்படியே எழுதிக்கொடுத்தேன்.
ஒருவரும் திருத்தவில்லை.

பம்பலப்பிட்டியில் கப்பல்கள்.
மூலையை வளைத்து, நெற்றியில் மூன்று கோடு இழுத்து,
வட்ட யன்னல் ஒன்று வைத்துவிட்டால் ஆர்ட் டெக்கோ.
எண்பது வருடமாகக் கடலைப் பார்த்தபடி
புறப்படப் போவதாகவே நிற்கின்றன.
உப்புக் காற்றில் கம்பி வீங்கி
கொங்கிறீற் வெடித்த இடத்தில் அரச மரக் கன்று.

அதற்குப் பிறகு வந்தது அமெரிக்கன் ஸ்டைல்.
ஐம்பதுகளில் யாரோ சஞ்சிகைப் படமொன்றைக் கிழித்துக்கொண்டு வந்து
பாஸிடம் காட்டியிருக்க வேண்டும்.
கூரை ஒருபக்கம் எம்பும், மறுபக்கம் பதுங்கும்.
விறாந்தையைத் தாங்குவது கவண்போல் விரிந்த கால்.
முன்சுவரில் ஒரு துண்டுக்கு மட்டும்
கருங்கல் ஒட்டியிருக்கும், பொட்டு வைத்ததுபோல.
நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சாள் யாழிசைக்குப் படம் அனுப்பினேன்.
"இங்க இப்படி ஒரு வீட்டையும் காணேல்ல" என்று பதில் போட்டாள்.
அவள் தெருவில் வெள்ளைத் தூண் வைத்தால் கிரேக்கமாம்,
கறுப்பு மரச்சட்டம் அடித்தால் டியூடராம்,
எதிர்வீடு ஸ்பானிஷ்,
உள்ளே இருப்பது குஜராத்திக் குடும்பம்.

நேற்று வெள்ளவத்தையில்,
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்,
மிஸிஸ் சத்தியவரதனின் வீடு.
எம்பிய கூரை, கவண் கால், கருங்கல் பொட்டு.
தெருவில் நின்றே எழுதிவிட்டேன்.
நாடாவின் மறுமுனையை நிலூக்கா பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் வீடு வேறு கதை சொன்னது.
இடுப்பளவுக்குச் சுவரில் பழைய செங்கல்,
அதற்கு மேலே சீமெந்துக் கல்.
முன் யன்னல் தேக்கு. மற்றதெல்லாம் அலுமினியம்,
கம்பி போட்டது, கம்பிக்குப் பின்னால் இன்னொரு கம்பி.
சிவப்புத் தரையில், சாப்பாட்டு மேசைக்கு அடியில்,
மினுக்கினாலும் மினுங்காத ஒரு கறுப்பு.
பூச்சில் கைவைத்துப் பார்த்தேன்.
இரண்டு காலம் சந்திக்கும் இடத்தில்
ஒரு தடிப்பு, தையல் போட்ட தோலைப்போல.

"எப்ப கட்டினது?"

"ஐம்பத்தேழு," என்றார்.
பிறகு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு,
"எண்பத்து நாலில இன்னொருக்கா."

நிலூக்கா தொண்ணூற்றாறில் பிறந்தவள்.
ஏன் இரண்டு தரம் என்று சிங்களத்தில் கேட்டாள்,
அளவு கேட்கிற அதே குரலில்.

நாடா நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது.
ஒரு ரயில் போய் முடியும்வரை
பீங்கான் அலுமாரி கிலுகிலுத்தது.

"கூரை போயிட்டுது, மகள்,"
அதே சிங்களத்தில், அவளைவிடத் திருத்தமாக.
"தேத்தண்ணிக்குச் சீனி போடுறதா?"

வெளியே வந்து ஏழாம் கட்டத்தை அழித்தேன்.
திரும்ப அதையே எழுதினேன்.
வேறு சொல் கைவசம் இல்லை.

நிலூக்கா அட்டையை என்னிடமிருந்து வாங்கினாள்.
'கட்டிய ஆண்டு' கட்டத்துக்குள்
இரண்டு எண்களையும் நெருக்கி எழுதினாள்.
கொம்பியூட்டர் ஒன்றைத்தான் ஏற்கும் என்றேன்.
அவள் தலையை நிமிர்த்தவில்லை.

பேனையால் எழுதியிருந்தாள்.